புக்கிட் தீமா காட்டில் சத்துகளின் பயணத்தைக் கவனிப்பது எப்படி?

மழைக்காட்டு மரங்களின் செழிப்பைப் பார்ப்பவர்கள், அவற்றின் அடியிலுள்ள மண்ணும் அதே அளவுக்கு வளமானது என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் கருங்கற்பாறை சிதைந்து உருவான, சிங்கப்பூரின் புக்கிட் தீமாக் காட்டு மண் அமிலத்தன்மை கொண்டது. நெடுங்காலமாகப் பெய்துவரும் மழை அதிலிருந்த சத்துகளில் பெரும்பகுதியைக் கரைத்துச் சென்றுவிட்டது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதில் மிகவும் அரிது. நீர் எப்போதும் சத்துகளைப் பள்ளத்தை நோக்கியே இழுக்கிறது. அவற்றை மேட்டுக்கும் பக்கவாட்டிலும் சுமந்து செல்வதில் விலங்குகளின் பங்கு பெரிது. எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், இந்த வேலையை நம் கண்ணாலேயே காணலாம்.

இயற்கை வனப்பகுதி காலை 7 மணிக்குத் திறக்கும். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் மிகவும் நல்லது, ஏனெனில் ஈரமான தரையில் பூச்சிகளின் நடமாட்டம் அதிகமாக இருக்கும். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, பென்சில், குறிப்பேடு ஆகியவை போதும். குறிப்பேட்டில் ‘என்ன விழுந்தது’, ‘எங்கிருந்து வந்தது’, ‘யார் எடுத்துச் சென்றார்’ என மூன்று பத்திகளை வரைந்துகொள்ளுங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். ஒரு விதையைக்கூட எடுத்து வராதீர்கள்.

முதலில், பழுத்திருக்கும் அத்தி மரம் ஒன்றைத் தேடுங்கள். நீள்வால் குரங்குகள் அங்கு வந்தால், சற்றுத் தொலைவில் நின்று அவற்றின் கன்னங்களைக் கவனியுங்கள். பழங்களைக் கன்னப் பைகளில் அடைத்துக்கொண்டு வேறோர் இடத்துக்குச் சென்று அவை சாவகாசமாக மெல்லும். சிங்கப்பூர்க் குரங்குகளை ஆராய்ந்து ரிச்சர்ட் கார்லெட்டும் பீட்டர் லூகாசும் 1990இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவை பெரும்பாலும் 4 மில்லிமீட்டருக்கும் சிறிய விதைகளையே விழுங்குகின்றன, பெரியவற்றைத் துப்பிவிடுகின்றன. ஆகவே அத்தியின் நுண்விதைகள் குடல்வழியே நெடுந்தூரம் போகும்; பெரிய கொட்டைகளோ தாய்மரத்துக்கு அருகிலேயே சிதறிக் கிடக்கும். இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எச்சம். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதையோரத்தில் புதிய குரங்கு எச்சம் தென்பட்டால், அருவருப்பை ஒதுக்கிவிட்டு, தொடாமல், அதனருகே பொறுமையாகக் காத்திருங்கள். முதலில் ஈக்கள் வரும். பின்னர் சாணவண்டுகள் வரக்கூடும். சில வண்டுகள் எச்சத்துக்கு நேர் கீழே சுரங்கம் தோண்டி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்; சில வகைகள் உருண்டை பிடித்து உருட்டிச் செல்லும். வெளியே கிடக்கும் எச்சத்திலிருந்து தழைச்சத்தின் (நைட்ரஜன்) ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும், மழையும் மிச்சத்தை அடித்துச் செல்லும். வண்டு புதைத்துவிட்டால் அது வேர்களின் எல்லைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எச்சத்தில் இருந்த விதைகளும் கூடவே புதைவதால், எலிகளுக்குத் தப்பிய சில விதைகள் முளைக்கும் வாய்ப்பைப் பெறுகின்றன.

பாதையோர இலைகளின் மேற்பரப்பில் கறுப்பு மணிகளாகக் கிடப்பவை பெரும்பாலும் புழுக்களின் கழிவு. மர உச்சியின் இலையைத் தின்ற புழு, அந்த இலை முதிர்ந்து உதிர்வதற்கு வெகுநாள் முன்னரே அதன் தழைச்சத்தைத் தரைக்கு இறக்கிவிடுகிறது. வேர்களின்மீதும் கைப்பிடிகளின்மீதும் பட்டப்பகலில் வரிசையாக நடந்து செல்லும் கறுப்புக் கறையான்களையும் தேடிப் பாருங்கள். அவை மரங்களின்மேல் படர்ந்திருக்கும் கற்பாசியைச் சுரண்டி, சிறு உருண்டைகளாக்கிப் புற்றுக்குக் கொண்டுவருகின்றன. அந்தக் கறையான்களையும் எறும்புகளையும் தின்னும் அழுங்கு (எறும்புத்தின்னி), இரவில் புற்றைப் பெயர்த்துவிட்டு, தன் கழிவை வேறோர் இடத்தில் இடுகிறது. அதை நீங்கள் காண்பது அரிது. அது தோண்டிய குழி மட்டும் கண்ணில் படலாம்.

குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள். உணவுக்காகச் சாலையோரத்தில் காத்திருக்கும் குரங்கின் எச்சம் தார்ச்சாலையில் விழுந்து, மழையில் சாக்கடைக்குப் போய்விடும். காட்டுக்கு அது நட்டம். 2020 ஜூன் முதல் வனவிலங்குகளுக்கு உணவளிப்பது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது; முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

புக்கிட் தீமா விரைவுச்சாலை இந்தக் காட்டை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்ததால், தரைவழி நடமாடும் விலங்குகளுடன் சத்துகளின் போக்குவரத்தும் தடைப்பட்டது. 2013இல் கட்டி முடிக்கப்பட்ட 62 மீட்டர் நீள விலங்குப் பாலம் அந்த வழியை மீண்டும் திறந்துள்ளது. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் அந்த நீர்ப்பிடிப்புக் காட்டின் மெக்ரிட்சிப் பகுதிக்கும் சில பக்கங்களை ஒதுக்குங்கள். ஒரே இடத்தை டிசம்பர் மழையின்போதும் பிப்ரவரியின் வறண்ட நாள்களிலும் பார்த்து, எச்சம் மறைய ஆகும் நேரத்தை ஒப்பிடுங்கள்.