பரிசுப் பொருள்களை அப்பா அம்மா பெயரில் வாங்குங்கள்

ஜெர்மனியில் வசிக்கும் அமெரிக்கத் தம்பதியா நீங்கள்? ஊரிலிருந்து பெற்றோர் பார்க்க வரும்போது, குடும்பத்தாருக்கான பரிசுகளை அவர்களையே வாங்கி எடுத்துப்போகச் சொல்லுங்கள். விலைக்குள் அடங்கியிருக்கும் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். நீங்கள் வாங்கினால் ஒரு யூரோகூட வராது.

காரணம் எளிது. இந்தச் சலுகை குடியுரிமையைப் பார்த்துத் தருவதில்லை, வசிப்பிடத்தைப் பார்த்துத் தருவது. கையில் அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தாலும் அதில் ஜெர்மன் வசிப்பு அனுமதி இருந்தால் வரியைத் திரும்பப் பெறும் படிவத்தில் சுங்கத்தில் முத்திரை குத்த மாட்டார்கள். பல பேர் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

ஒரே பில்லில் 50 யூரோவுக்கு மேல் வாங்க வேண்டும். வாங்கும்போதே கடையில் அந்தப் படிவத்தை, அதாவது ‘டாக்ஸ் ஃப்ரீ’ படிவத்தைக் கேளுங்கள். தரவேண்டும் என்று கடைக்குக் கட்டாயம் இல்லை, அதனால் பணம் கட்டும் முன்பே கேட்பது நல்லது. பெற்றோரிடம் டிரைவிங் லைசென்ஸும் இருக்கட்டும், அமெரிக்க முகவரியைக் காட்ட உதவும். அப்புறம், பெட்டியை விமானத்துக்குப் போடும் முன் சுங்கத்தில் பொருளைக் காட்டிப் படிவத்தில் முத்திரை வாங்கிவிட வேண்டும்.

ஓட்டல் அறை, சாப்பாட்டு பில், பெட்ரோல் இதற்கெல்லாம் இது செல்லாது. தபாலில் அனுப்பும் பார்சலுக்கும் கிடையாது. வாங்கிய மாதம் முடிந்து மூன்று மாதத்துக்குள் பொருள் ஐரோப்பிய ஒன்றியத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.