பரிசாகக் கொடுக்கப் பன்னீர் திராட்சை ஜாம்

வீட்டில் தின்று தீர்க்க ஜாம் செய்வது சுலபம். கொஞ்சம் இளகினாலும் கெட்டியானாலும் யாரும் கேட்கப்போவதில்லை. தீபாவளிக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ பாட்டிலில் போட்டுக் கொடுப்பதென்றால் அது யார் வீட்டு அலமாரியிலோ ஒரு மாதம் திறக்காமல் கிடக்கும். அதைத் தாங்கும்படி செய்யும் முறை இது.

பழத்துக்கு என் தேர்வு கம்பத்துப் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க விளைவதால் பண்டிகை எந்த மாதம் வந்தாலும் கிடைக்கும். நிறத்துக்குப் பவுடர் வேண்டாம், வாசனைக்கு எசன்ஸ் வேண்டாம். விதையில்லாத பச்சைத் திராட்சையில் ஜாம் செய்தால் வெளிறிப்போய்ச் சப்பென்று இருக்கும். அதைப் பரிசாக நான் கொடுக்கமாட்டேன்.

வேண்டியவை: திராட்சை 1 கிலோ, சர்க்கரை சுமார் 550 கிராம், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. 250 மில்லி பாட்டில் மூன்று நிரம்பும், உங்களுக்கும் ஒரு சின்னக் கிண்ணம் மிஞ்சும். கிலோவில் ஒரு கைப்பிடி முழுதாகப் பழுக்காத செங்காயாக இருக்கட்டும். ஜாமை உறைய வைக்கும் பெக்டின் அதில்தான் அதிகம். நன்றாகக் கனிந்த பழம் மட்டும் போட்டால் ருசி இருக்கும், பிடிப்பு இருக்காது.

1. திராட்சையைக் கழுவிக் காம்பிலிருந்து உதிர்த்து, அரை டம்ளர் தண்ணீரோடு மூடி வேகவிடுங்கள். தோல் வெடித்துக் குழைந்ததும் மத்தால் மசித்து, ஸ்டீல் சல்லடையில் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி வடிகட்டுங்கள். நிறமும் பெக்டினும் தோலில் இருக்கின்றன, அழுத்தத் தயங்க வேண்டாம். மிக்ஸியில் அடிக்காதீர்கள், விதை உடைந்தால் கசக்கும்.

2. வடிகட்டியதை அகலமான, அடிகனமான ஸ்டீல் பாத்திரத்தில் ஊற்றுங்கள். அலுமினியச் சட்டியும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்போடு சேரக்கூடாது. கொதிக்கும்போது நுரைத்து மேலே ஏறும் என்பதால் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சர்க்கரை, எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சிறுதீயில் கிளறுங்கள். சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகுதான் தீயைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் பாட்டிலில் கற்கண்டு கட்டும்.

3. இனிப் பெருந்தீ. சிறுதீயில் ஒரு மணி நேரம் கிளறுவது அல்வாவுக்குச் சரி. ஜாமை அப்படி இழுத்தால் பெக்டின் உடைந்துவிடும், நிறமும் கருத்துவிடும்.

4. எப்போது இறக்குவது? முதல்முறை செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். கடையில் வாங்கும் ஜாம் போலக் கெட்டியாகும்வரை அடுப்பில் வைத்தால், ஆறியபின் கத்தி போட்டுத்தான் எடுக்க வேண்டும். சரியான பதத்தில் இருக்கும் ஜாம் சட்டியில் ரோஸ்மில்க் சிரப் போல ஒழுகலாகவே தெரியும். ஆறும்போதுதான் உறையும், முழுதாக உறைய ஒரு ராத்திரி ஆகும்.

கண்ணை நம்பாமல் தட்டை நம்புங்கள். அடுப்பு பற்றவைக்கும் முன்பே இரண்டு சின்னத் தட்டுகளை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். நுரை அடங்கி, குமிழி பெரிதாகி, கொதிக்கிற சத்தம் மாறும்போது அடுப்பை அணைத்துவிட்டு அரை ஸ்பூன் ஜாமைத் தட்டில் விடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேற்பரப்பு சுருங்கி மடிந்தால் ஆயிற்று. தண்ணீராக ஓடினால் இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுத்த தட்டு. அடுப்பை அணைக்காமல் சோதித்தால் அந்த ஒரு நிமிடத்திலேயே பதம் தாண்டிவிடும்.

தெர்மாமீட்டர் இருந்தால் சென்னை, மதுரைப் பக்கம் 104 முதல் 105 டிகிரி. இருந்தாலும் கடைசி வார்த்தை தட்டுக்குத்தான்.

5. பாட்டில். கண்ணாடி மட்டும், மூடி புதிது. ஊறுகாய் பாட்டிலின் பழைய மூடியை எத்தனை முறை கழுவினாலும் பெருங்காய வாசனை போகாது. இட்லிப் பானையின் அடியில் துணி போட்டு, பாட்டில்களைத் தண்ணீரில் மூழ்கவிட்டு 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். எடுத்ததும் கிரானைட் மேடையில் வைக்காதீர்கள், விரிசல் விடும். மடித்த துண்டின் மேல் வையுங்கள். சூடான பாட்டிலில் சூடான ஜாம், மேலே கால் அங்குலம் இடம். விளிம்பில் ஒட்டியதைச் சுத்தத் துணியால் துடைத்து மூடுங்கள். இந்தத் துடைப்பை விட்டால் மூடி சரியாகப் பிடிக்காது, முதல் பூசணம் அங்கேதான் வரும். பிறகு அதே பானையில் மூடி முங்கும்படி தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததிலிருந்து இன்னொரு 10 நிமிடம். ஆறியபின் மூடியின் நடுப்பகுதி உள்ளே அமுங்கி நின்றால் வெளிக்காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அமுக்கும்போது டப்பென்று எழும்பினால் அந்தப் பாட்டில் பரிசுக்கு வேண்டாம், உங்கள் ஃபிரிட்ஜுக்கு.

லேபிளில் செய்த தேதியும் "திறந்தபின் ஃபிரிட்ஜில், ஈரமில்லாத ஸ்பூன்" என்பதும் போதும்.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்தவை)

"சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா?" வீட்டுக்கென்றால் குறைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசுக்குக் குறைக்காதீர்கள். ஜாம் கெடாமல் நிற்பதே பழத்தின் சர்க்கரையும் நாம் போட்டதும் சேர்ந்து 65 சதவீதத்தைத் தொடுவதால்தான்.

கொடைக்கானலிலிருந்து ஒருவர், 105 டிகிரி வந்தபோது ஜாம் கல்லாகிவிட்டது என்றார். மலையில் தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதிக்கும். முதலில் கொதிக்கும் வெந்நீரில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, அந்த எண்ணோடு நாலரை கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே பாட்டிலைக் கொதிக்க வைப்பதும் 15 நிமிடம்.

"இதே மாதிரி தக்காளித் தொக்கு, பூண்டுத் தொக்கு செய்து மூடி வைக்கலாமா?" இந்த முறையில் வேண்டாம். ஜாமைக் காப்பாற்றும் சர்க்கரை அதில் இல்லை. புளிப்புக் குறைந்த பூண்டு எண்ணெய்க்கடியில் காற்றில்லாமல் கிடந்தால் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சு உருவாகலாம், வாசனையில் தெரியாது. புளியும் நல்லெண்ணெயும் தாராளமாக விட்டுச் சுண்டச் செய்து, ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்து, கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டு வாரத்தில் முடிக்கச் சொல்லுங்கள். தேங்காய், புதினாச் சட்னியெல்லாம் பரிசுப் பொருளே இல்லை.

பஸ் பார்சலில் அனுப்புகிறவர்கள் ஜாம் முழுதாக உறைந்த மறுநாளுக்குப் பிறகு கட்டுங்கள். ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, பெட்டியை ஆட்டினால் சத்தம் வராத அளவுக்கு இடைவெளியை அடைத்துவிடுங்கள்.