நிரூபணம் முடிந்ததும் ஒரு டிக்

நிரூபணம் எழுதி முடித்ததும், கேள்வியில் கொடுத்த ஒவ்வொரு நிபந்தனையும் எந்த வரியில் பயன்பட்டது என்று பார்த்து பென்சிலால் டிக் போடுங்கள். டிக் விழாத நிபந்தனை மிஞ்சினால், பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை. உதாரணமாக, [0, 1] என்ற மூடிய (இரு முனைகளும் சேர்ந்த) இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு (function) வரம்புடையது, அதாவது அதன் மதிப்புகள் ஓர் எல்லையைத் தாண்டாது என்பது தேற்றம். 'மூடிய' என்பதைத் தொடாமலே நிரூபித்துவிட்டீர்களா? அப்படியானால் (0, 1) என்ற, முனைகள் சேராத திறந்த இடைவெளியில் 1/எக்ஸும் வரம்புடையதாகிவிடும். அதுவோ பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க எகிறிக்கொண்டே போகும்!

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பெரியார் பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் பி.எஸ்சி. கணிதப் பிள்ளைகளுக்கு ரியல் அனாலிசிஸில் இது நன்றாகக் கைகொடுக்கும். வெறும் விடை காணும் கணக்குகளுக்கு உதவாது. அப்புறம், சில கேள்விகளில் வேண்டாத நிபந்தனையும் இருக்கும். முடிவுள்ள குலம் (finite group) என்று சொல்லி, அதன் இரண்டு உட்குலங்களின் (subgroups) வெட்டும் (பொது உறுப்புகளின் தொகுப்பும்) உட்குலமே எனக் காட்டச் சொன்னால், 'முடிவுள்ள' டிக் இல்லாமலே கிடக்கட்டும்.