எடை குறைந்த ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்: தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மவுண்டன் பைக்கின் எடையைக் குறைக்க இறங்கியவர்கள் டயர், சீட் போஸ்ட், ஹேண்டில்பார் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து கடைசியில் பிரேக்கில் கை வைப்பார்கள். மற்ற பாகங்களில் கணக்குத் தவறினால் பெரும்பாலும் பணத்தோடு போய்விடும். பிரேக்கில் தவறினால், அது நீண்ட இறக்கத்தின் நடுவில்தான் தெரியவரும். எடை குறைந்த பிரேக்கே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு பிரேக்கின் எந்தப் பகுதியில் எடை குறைக்கப்பட்டிருக்கிறது என்று ஆராயாமல், பெட்டியில் அச்சிட்ட கிராமை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேராக இருக்கிறது.

அந்த அச்சிட்ட எண்ணிலிருந்தே தொடங்கலாம். ஒரு சக்கரத்துக்கு 200 கிராமை ஒட்டிய எடை என்று அறிவிக்கப்படும்போது, அதில் பொதுவாக லீவர் (விரலால் இழுக்கும் பிடி), காலிப்பர் (பிஸ்டன்களால் பேடுகள் எனும் உரசுகட்டைகளை ரோட்டர்மேல் அழுத்தும் பாகம்), ஹோஸ் (இரண்டையும் இணைக்கும் குழாய்), உள்ளே இருக்கும் திரவம் ஆகியவை மட்டுமே அடங்கியிருக்கும். ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் எஃகு வட்டு), அதைப் பிடிக்கும் போல்ட்டுகள், காலிப்பரைப் பொருத்தத் தேவையான அடாப்டர் ஆகியவை அந்தக் கணக்கில் வருவதில்லை. 160 மி.மீ. ரோட்டர் மட்டுமே ஏறத்தாழ 100 முதல் 120 கிராம் வரை இருக்கும். போதாக்குறைக்கு, ஒரு நிறுவனம் முன்சக்கரத்துக்கான குட்டை ஹோஸோடு நிறுத்துச் சொல்லும். இன்னொன்று பின்சக்கரத்துக்கான முழு நீள ஹோஸோடு நிறுத்துச் சொல்லும். இவ்விரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. முன், பின் என்று தனித்தனியாக, ரோட்டரிலிருந்து கடைசி போல்ட் வரை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், வெகுவாகப் புகழப்பட்ட பிரேக்குக்கும் அதற்கு அடுத்த நிலையில் உள்ளதற்கும் இடையிலான வித்தியாசம் பல நேரங்களில் ஒரு வாய் தண்ணீரின் எடையாகச் சுருங்கிவிடும்.

எடையைக் குறைப்பதற்கு மிக மோசமான இடம் ரோட்டர். ஆனால் மிகச் சுலபமாகக் குறைக்கக்கூடிய இடமும் அதுவாக இருப்பதால், பலரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். பிரேக்கின் வேலை சக்கரத்தை இறுக்கிப் பிடிப்பது மட்டுமல்ல. வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றி, அந்த வெப்பத்தைத் தாங்கிக் காற்றில் விடுவதும் அதன் வேலைதான். 75 கிலோ எடையுள்ளவர் 11 கிலோ சைக்கிளில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முழுதாக நிற்பதற்குள் சுமார் 4,300 ஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும். அதில் 3,000 ஜூலை முன்பிரேக் ஏற்றால், 100 கிராம் எஃகு ரோட்டரின் வெப்பநிலை அந்த ஒரே நிறுத்தத்தில் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் உயரும். 140 கிராம் ரோட்டராக இருந்தால் அந்த உயர்வு 43 டிகிரியோடு நிற்கும். காற்று எடுத்துச் செல்லும் பங்கையும் பேடுகளுக்குள் போகும் பங்கையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது என்றாலும், வெட்டி எறிந்த 40 கிராம் எதற்காக அங்கே இருந்தது என்பதை இது காட்டிவிடுகிறது. வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டிய இறக்கத்தில், முந்தைய சூடு ஆறுவதற்குள் அடுத்தது வந்து சேரும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உலோகத்தை விட ஓட்டையே அதிகம் என்று சொல்லத்தக்க ஒரு ரோட்டரை முன்சக்கரத்தில் மாட்டி, சக்கரத்துக்கு 30 கிராம் குறைந்தது என்று மகிழ்ந்திருந்த காலம் அது. முதல் நீண்ட இறக்கத்தின் பாதி வழியில் ஊளையிடுவது போன்ற ஓசை எழுந்தது. பிறகு கருகிய வாடை வந்தது. அதன்பின் லீவர் ஒவ்வொரு பிடிக்கும் ஹேண்டில்பாரை இன்னும் கொஞ்சம் நெருங்கிக்கொண்டே வந்தது. கீழே இறங்கி நின்று பார்த்தபோது, பேட் உரசும் வளையம் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறியிருந்தது. குடிநீரில் ஒரு சொட்டை அதன்மேல் விட்டேன். அது சுர்ரென்று ஆவியானது.

இங்கே இரண்டு அறிகுறிகளைப் பிரித்தறிவது பயன்தரும். லீவர் கல்லைப் போலக் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால், பேடின் மேற்பரப்பு சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டது என்று பொருள். லீவர் பஞ்சு போல அமுங்கி ஹேண்டில்பாரைத் தொட்டால், காலிப்பருக்குள் திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகியிருக்கின்றன என்று பொருள். எனக்கு நேர்ந்தது இரண்டாவது வகை.

ரோட்டரின் விட்டமும் இதோடு சேர்ந்ததுதான். 160 மி.மீ.யிலிருந்து 180 மி.மீ.க்கு மாறினால், விரல் கொடுக்கும் அதே அழுத்தத்துக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதல் நிறுத்தும் விசை கிடைக்கிறது. வெப்பத்தைத் தாங்கும் உலோகமும் கூடுகிறது. இதற்குச் செலவாவது சுமார் 30 கிராம். என்னைக் கேட்டால், எடை குறைந்த காலிப்பரோடு ஓர் அளவு பெரிய ரோட்டரைச் சேர்ப்பது, கனமான காலிப்பரோடு மெலிந்த ரோட்டரைச் சேர்ப்பதைவிட எப்போதும் புத்திசாலித்தனமானது.

அடுத்த தவறு, திரவத்தைப் பொருட்படுத்தாமல் விடுவது. பிரேக்குகளில் டாட் எனப்படும் பிரேக் திரவமோ மினரல் ஆயிலோ இருக்கும். டாட் 5.1 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை; ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், ஈரம் ஏறிய திரவத்துக்கு அந்த எல்லை 180 டிகிரியாக இறங்கிவிடுகிறது. மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆயினும் எப்படியோ உள்ளே புகுந்த நீர் அதில் கலக்காமல் தனித்துளியாகக் கீழே இறங்கி, இருப்பதிலேயே அதிகம் சூடேறும் இடமான காலிப்பரில் தங்கி, 100 டிகிரியைத் தாண்டியதுமே கொதிக்கத் தொடங்கும். ஆகவே எது சிறந்தது என்ற வாதத்தைவிட, ஆண்டுக்கு ஒருமுறையாவது திரவத்தை மாற்றிக் காற்றை வெளியேற்றும் வேலையை நம்மால் செய்ய முடியுமா, அதற்கான கருவிப்பெட்டி கைக்கு எட்டுமா என்பதே முக்கியம். எடை குறைந்த பிரேக்குகளில் திரவத்தின் அளவும் குறைவாகவே இருக்கும் என்பதால், சிறிய அலட்சியம்கூட லீவரில் உடனே தெரிந்துவிடும்.

டாட் திரவத்துக்கான பிரேக்கில் மினரல் ஆயிலையோ, மினரல் ஆயிலுக்கான பிரேக்கில் டாட் திரவத்தையோ ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். நிறுவனத்தின் பெயரை வைத்து ஊகிப்பதும் ஆபத்து: ஷிமானோவும் மகுராவும் மினரல் ஆயிலைப் பயன்படுத்துகின்றன, ஆனால் பல ஆண்டுகளாக டாட் திரவத்தோடு இருந்த ஸ்ராம், மேவன் போன்ற பிற்கால மாடல்களில் மினரல் ஆயிலுக்கு மாறியிருக்கிறது. லீவரின் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன் திரவம், டாட் 5.1 அல்ல என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு புள்ளியும் ஓர் எண்ணும்தானே என்று வாங்கி ஊற்றியவர்கள் உண்டு.

பந்தய வீரர்கள் இரண்டு பிஸ்டன் காலிப்பர் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக அதையே தேர்ந்தெடுப்பது, தன் எடையையும் தான் ஓட்டும் பாதையையும் மறந்து செய்யும் தேர்வு. கிராஸ் கண்ட்ரி பந்தயத்தில் இறக்கங்கள் குறுகியவை, வீரரும் மெலிந்தவர், பிரேக் ஆறுவதற்கு அடுத்த ஏற்றம் காத்திருக்கும். 90 கிலோ எடையுள்ள ஒருவர் முதுகுப்பையோடு கால் மணி நேரம் தொடர்ந்து இறங்கினால் கதையே வேறு. முன்சக்கரத்தில் நான்கு பிஸ்டனும் பின்சக்கரத்தில் இரண்டு பிஸ்டனும் வைத்துக்கொள்வது பலருக்கும் நல்ல சமரசமாக அமைகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் நடக்கிறது. ஒரே குடும்பத்து மாடல்களாக இருந்தால் இரண்டு லீவர்களும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

பேடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெசின் என்றும் சொல்லப்படும் ஆர்கானிக் பேட் அமைதியாகவும் தொடக்கத்திலேயே நன்றாகவும் பிடிக்கும், ஈரத்திலும் சேற்றிலும் விரைவில் தேயும். சின்டர்ட் எனப்படும் உலோகப் பேட் சூட்டைத் தாங்கும், சற்றுச் சத்தம் போடும். ரெசின் பேடுகளுக்கு மட்டும் என்று குறிப்பிட்ட ரோட்டரில் உலோகப் பேடை மாட்டினால், அது ரோட்டரை அரித்துத் தின்றுவிடும்.

பொருத்தம் பார்க்காமல் வாங்குவதில்தான் நுணுக்கமான தவறு ஒன்று ஒளிந்திருக்கிறது. காலிப்பரைப் பொருத்தும் முறை போஸ்ட் மவுண்டா பிளாட் மவுண்டா, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் ரோட்டரைப் பிடிக்கும் முறை சென்டர் லாக்கா ஆறு போல்ட்டா, ஃபோர்க் அனுமதிக்கும் மிகச் சிறிய, மிகப் பெரிய ரோட்டர் அளவு என்ன என்பதையெல்லாம் பெரும்பாலோர் பார்த்துவிடுகிறார்கள். ரோட்டரின் தடிமனைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஷிமானோ ரோட்டர் புதிதாக 1.8 மி.மீ. இருக்கும், 1.5 மி.மீ. வரை தேய்ந்ததும் மாற்ற வேண்டும். மகுரா ரோட்டர் புதிதாக 2 மி.மீ. இருக்கும், 1.8 மி.மீ.க்கு வந்ததும் மாற்ற வேண்டும். எடை குறைகிறது என்று ஒரு மகுரா காலிப்பரோடு புத்தம்புதிய 1.8 மி.மீ. ரோட்டரைச் சேர்ப்பவர், அந்தக் காலிப்பரின் கணக்கில் தேய்ந்துமுடிந்த ரோட்டரோடு முதல் நாளே கிளம்புகிறார். பிஸ்டன்கள் தேவைக்கு மேல் வெளியே வர வேண்டியிருக்கும். பேடும் தேயும்போது அது இன்னும் கூடும்.

போல்ட்டுகளில் டைட்டானியம் ஏற்கத்தக்கதே. ரோட்டரையும் காலிப்பரையும் பிடிக்கும் இடங்களில் அலுமினிய போல்ட்டை நான் போடமாட்டேன். காலிப்பர் போல்ட்டுக்குப் பல நிறுவனங்கள் கேட்பது 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் இறுக்கம். கை உணர்வை நம்பாமல் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்குவது நல்லது. லீவர் உடைந்தால் லீவரை மட்டும் தனியாக வாங்க முடியுமா, காலிப்பரின் சீல்கள் கிடைக்குமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மிக மெலிந்த பிரேக்குகள் விழும்போது உடைவதும் சற்று அதிகம்; உதிரிபாகம் இல்லையென்றால் முழு பிரேக்கையும் மீண்டும் வாங்க நேரும்.

கடைசியாக ஹோஸ். அதை வெட்டுவதற்கு முன் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, விழுந்தால் எவ்வளவு தூரம் சுழலுமோ அவ்வளவுக்கும் நீளம் விட்டு, பிறகுதான் குறிக்க வேண்டும். இங்கே மிச்சமாவது ஓரிரு கிராம். குட்டையாக வெட்டிவிட்டால், முதல் சறுக்கலிலேயே ஹோஸ் லீவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரக்கூடும். புதிய பேடுகளை மாட்டியதும், மிதமான வேகத்திலிருந்து நடைவேகம் வரை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், முன்னும் பின்னும் தனித்தனியாக 20, 30 முறை பிரேக் பிடித்துப் பழக்கிய பிறகே பிரேக்கின் உண்மையான பலம் தெரியும். அதற்கு முன்பாகவே பிரேக் பிடிக்கவில்லை என்று பெட்டிக்குள் போட்டுத் திருப்பி அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.