கிரயப் பத்திரத்தில் எந்தத் தொகையை எழுதுவது? வீடு வாங்க, விற்க வரும் வரிகள்

தமிழ்நாட்டில் வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கிரயத் தொகையோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். 60 லட்சம் என்று பேசி முடித்து, அட்வான்ஸும் கொடுத்து, அக்ரிமென்டும் போட்ட பிறகுதான் "பத்திரச் செலவு எவ்வளவு ஆகும்?" என்ற கேள்வியே வருகிறது. பழைய வீடு, காலி மனை எதுவானாலும் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9. உள்ளாட்சிக்குப் போகும் 2 சதவீதம் அந்த 7-க்குள்ளேயே இருக்கிறது, அதற்கென்று தனியாக யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் வரை மொத்தம் 11 சதவீதமாக இருந்தது. குறைத்தார்களே என்று சந்தோஷப்பட முடியாதபடி அதே நாளில் வழிகாட்டி மதிப்பைப் பழைய 2017 அளவுக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஆக 60 லட்சம் வீட்டுக்கு 5,40,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். இதற்கு வீட்டுக் கடன் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். இந்த விலை வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரலாம், 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடென்றால் பத்திரச் செலவை அந்தக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. அதாவது உங்கள் பங்கு 12 லட்சம், அதற்கு மேல் இந்த ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகை.

சரி, 9 சதவீதம் எதன் மேல்? நீங்கள் பேசிய விலை, அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதன் மேல். எல்லோரும் கைடுலைன் என்று சொல்வது இதைத்தான். பதிவுத்துறை இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தையும் கிராமத்தையும் தேர்ந்தெடுத்து, தெருப் பெயரிலும் சர்வே எண்ணிலும் தேடிப் பாருங்கள், காசு கிடையாது. இரண்டிலும் தேடச் சொல்வதற்குக் காரணம், சில சமயம் இரண்டும் வேறு வேறு மதிப்பைக் காட்டும். அங்கே தெரிவது நிலத்துக்கு மட்டும்தான். கட்டடத்தின் மதிப்பைப் பரப்பையும் வயதையும் வைத்துத் தனியாகப் போடுவார்கள்.

இப்போது பெரிய சபலம் வரும் இடத்துக்கு வருவோம். விலை 60 லட்சம், வழிகாட்டி மதிப்பு 52 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "52-க்கே பத்திரம் போடலாம், மீதி 8 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துடுங்க, உங்களுக்குத்தான் லாபம்" என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். மிச்சமாவது 72,000 ரூபாய். ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 52 லட்சம் என்றுதான் பத்திரம் பேசும், அந்த 8 லட்சமும் உங்கள் லாபமாகக் காட்டும். இன்றைய 12.5 சதவீதத்தில் அதற்கு வரி ஒரு லட்சம், செஸ் தனி. இதுபோக விற்பவர் வீட்டுக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அதே அளவு தொகையை அபராதமாகப் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. வங்கியும் பத்திரத்தில் இருக்கும் தொகையை வைத்துத்தான் கடன் கொடுக்கும். என்னைக் கேட்டால் இது லாபமே இல்லை.

தலைகீழாகவும் நடக்கும். 40 லட்சத்துக்குப் பேசிய வீட்டுக்கு வழிகாட்டி மதிப்பு 50 லட்சம் என்றால் தீர்வை 50-க்குத்தான். அதோடு போகாது. வழிகாட்டி மதிப்பு உங்கள் விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டால் விற்றவருக்கு 50 லட்சம் வந்ததாகவே வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும், வாங்கியவருக்கோ வித்தியாசமான 10 லட்சம் வருமானமாகச் சேரும். ஒரே 10 லட்சத்துக்கு இரண்டு பேரும் வரி கட்ட வேண்டிய கூத்து. அதனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் கைடுலைனைப் பார்த்துவிடுங்கள்.

வீட்டின் மதிப்பு 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு, விற்பவரின் பான் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். நம் 60 லட்சக் கணக்கில் 60,000. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். இது விற்பவருக்கு நஷ்டம் இல்லை, அவர் வரிக் கணக்கில் வரவாகிவிடும். முதலிலேயே சொல்லிவிட்டால் பதிவு நாளில் சண்டை வராது. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய தொகை இதைவிட ரொம்ப அதிகம், ஆடிட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

அடுக்குமாடி வீட்டைக் கட்டுநரிடமிருந்து நேரடியாக வாங்கினால் கணக்கு வேறு. 2023 டிசம்பரிலிருந்து நிலப் பங்கும் கட்டடமும் சேர்த்து ஒரே பத்திரம்: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7, அதற்கு மேல் 9. கட்டி முடிக்காத வீடென்றால் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி தனி. பணி நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும், இது 2025 ஏப்ரலிலிருந்து.

பெற்றோர் பிள்ளைக்கு எழுதித் தரும் வீட்டைக் கிரயமாகப் போட்டு 9 சதவீதம் கட்டுவது வீண். செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாயைத் தாண்டாது. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000.

விற்பவருக்குப் பத்திரச் செலவு இல்லை, லாபத்துக்குத்தான் வரி. வாங்கி 24 மாதம் தாண்டியிருந்தால் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடென்றால் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய முறையிலும் போட்டுப் பாருங்கள், பல வருடம் கையில் இருந்த வீட்டுக்குச் சில சமயம் அதுதான் குறைவாக வரும். அப்புறம், வாங்கியபோது கட்டிய முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் வாங்கிய விலையோடு சேரும், அந்த ரசீதுகளைத் தேடி எடுங்கள். லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் வரி விலக்கு உண்டு: வாங்க 2 வருடம், கட்ட 3 வருடம். அதற்குள் வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு வந்துவிட்டால், செலவாகாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்றே தனியாக ஒன்று தொடங்கிப் போட வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கிலோ எஃப்டியிலோ வைத்திருந்தால் விலக்கு கிடைக்காது.