செங்கோட்டையில் நோயாளிக் கூட்டத்தைப் பிரித்த விதம்

செங்கோட்டையில் நான் நடத்தும் அறுவை சிகிச்சை மருத்துவமனைக்குப் புளியரை, மலைக்கு அப்பால் கேரளத்திலுள்ள ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்தும் மக்கள் வருகிறார்கள். டோக்கன் வரிசைப்படி பார்த்துவந்தபோது, தையல் பிரிக்க வந்தவரும் குடலிறக்கம் (ஹெர்னியா) சிக்கி வாந்தியெடுப்பவரும் ஒரே பெஞ்சில் காத்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது மூத்த செவிலியர் ஒருவர் வாசலிலேயே, தமிழிலோ மலையாளத்திலோ விசாரித்து, நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்துவிடுகிறார். இருமினால் பிதுங்கி, படுத்தால் உள்ளே போய்விடும் குடலிறக்கம் பெரும்பாலும் காத்திருக்கலாம். உள்ளே தள்ள முடியாமல் இறுகி, வலியும் வாந்தியும் இருந்தால் குடலுக்கு இரத்த ஓட்டம் தடைபடும் அபாயம் உண்டு என்பதால், அவரை டோக்கன் இல்லாமலே நேராக என்னிடம் அழைத்துவருகிறார்கள். கட்டு மாற்றுவதற்கும் தையல் பிரிப்பதற்கும் மதியத்துக்கு மேல் தனி நேரம் உண்டு. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளுக்குத் தேதி எழுதிய சீட்டை அன்றே கொடுத்துவிடுவதால், மலை தாண்டி வருபவர்கள் அதைக் கேட்பதற்காகவே மறுபடி பஸ் ஏற வேண்டியதில்லை.