காட்டு விலங்குகளில் உட்கலப்பு: தலையை மட்டும் எண்ணி ஏமாறாதீர்கள்

தேன்கனிக்கோட்டை பக்கம் ராகி முற்றும் பருவத்தில் யானைகள் வந்துபோனால், மறுநாள் டீக்கடையில் முதல் கேள்வி "எத்தனை உருப்படி?" என்பதுதான். அருகிவரும் விலங்குகளைப் பற்றிப் பேசும்போதும் இந்தப் பழக்கம்தான் நம்மை ஏமாற்றுகிறது. உட்கலப்பு, அதாவது நெருங்கிய ரத்த உறவுகளுக்குள்ளேயே இணைசேர்வது, தலையை எண்ணினால் தெரியாது.

எத்தனை இருக்கின்றன என்பதோடு, எத்தனை இனப்பெருக்கத்தில் சேர்கின்றன என்றும் பார்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் சரிபாதியாக 100 யானை இருந்தால் மரபணுக் கணக்கிலும் அது 100தான். 10 ஆண், 90 பெண் என்றால்? நான்கை இரண்டு எண்ணிக்கைகளாலும் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும்: வருவது 36. அதாவது தலை 100 இருந்தாலும், மரபணுக் கணக்கில் அது 36 யானைக் கூட்டத்துக்குத்தான் சமம். ஆசிய யானையில் ஆணுக்குத்தான் பெரிய தந்தம். 1980, 90களில் காவிரிக் காடுகளில் தந்தத்துக்காகக் கொம்பன்களைச் சுட்டுத் தள்ளியதன் கணக்கு இப்படித்தான் விழும். உருப்படி எண்ணிக்கையில் அது பாதி கூடத் தெரியாது.

ஆண் குறைந்தால் என்ன ஆகும் என்று பென்னாகரம் பக்கத்து ஆட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தன் பட்டியில் பிறந்த கிடாவையே பொலிக்கு விடமாட்டார். சந்தையில் வெளிக்கிடா பிடித்து வருவார். ஒவ்வொரு உயிரிலும் பழுதான மரபணுக்கள் சில ஒளிந்திருக்கும். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் ஒரே பழுது வந்து சேர்ந்தால்தான் அது வெளியே தெரியும். இரண்டும் ஒரே ரத்தமானால் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது.

சரி, காட்டில் கிடா மாற்றுவது யார்? ஆண் யானையே மாறிக்கொள்கிறது. பத்துப் பதினைந்து வயதில் தாய்க்கூட்டத்தை விட்டு விலகி, தூரத்துக் கூட்டங்களைத் தேடிப் போகிறது. நாம் ஊருக்குள் பார்த்து அலறுகிற ஒற்றை யானைகளில் பலவும் இந்தப் பயணத்தில் இருப்பவைதான். "பிடித்துக்கொண்டு போய் எங்காவது விடுங்கள்" என்று கேட்பது, பயிரை இழந்தவருக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் வழியை அடைப்பதும் பிடித்து அகற்றுவதும் ரத்தம் மாறுவதை நிறுத்திவிடும். மின்வேலி இன்னும் மோசம். மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. நம் யானைகளுக்கு உட்கலப்பு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று சரணாலயங்கள் அறிவித்து, கர்நாடகக் காடுகளோடு தொடர்ச்சியைக் காத்து வைத்திருப்பதன் பலன், அது வராமல் இருப்பதுதான்.

வினோத நிறத்தைப் பெருமையாக நினைப்பது இன்னொரு தவறு. ஒடிசாவின் சிமிலிபாலில் கரும்புலிகள் இத்தனை இருப்பதற்குக் காரணம், அந்தச் சின்னக் கூட்டம் மற்ற புலிகளிடமிருந்து தனித்துப்போனதுதான். மிருகக்காட்சி சாலைகளில் கூட்டம் சேர்க்கும் வெள்ளைப்புலிகளும் தகப்பனையும் மகளையும் சேர்த்து உருவாக்கிய வம்சம். மாறுகண் அவற்றில் சகஜம்.

"அப்படியானால் வெளியிலிருந்து நாலைக் கொண்டுவந்து விட்டால் போதுமே?" போதாது. எதைக் கொண்டுவருகிறோம் என்பது முக்கியம். ஐரோப்பாவின் டாட்ரா மலையில் காட்டாடுகளோடு துருக்கி, சினாய் பகுதி ஆடுகளைச் சேர்த்தார்கள். கலப்பு ஆடுகள் முன்கூட்டியே இணைசேர்ந்து, கடும் பனிக்கால பிப்ரவரியில் குட்டி போட்டன. கூட்டமே அழிந்தது. புளோரிடாவில் வேறு கதை. அங்கே இருபது முப்பதாகச் சுருங்கிய சிறுத்தைகளுக்கு (உண்மையில் அமெரிக்கப் பெரும்பூனையான பியூமாக்கள்) வால் வளைவு, இதயக் கோளாறு எல்லாம் வந்திருந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பியூமாக்களை விட்டபின் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. முற்காலத்தில் இரண்டு கூட்டமும் கலந்திருந்தவை என்பதால் அது பலித்தது.

எண்ணிக்கை ஏறினால் ஆபத்து தீர்ந்தது என்பதும் சரியல்ல. கிர் சிங்கங்கள் 2025 கணக்கில் 891. ஆனால் எல்லாமே ஒரு நூற்றாண்டுக்கு முன் தப்பிய ஒரு கைப்பிடிச் சிங்கங்களின் வாரிசுகள். மரபணுக்கள் ஒரே மாதிரி இருக்கும் கூட்டத்தில் புது நோய் ஒன்று புகுந்தால் தடுத்து நிற்க ஆள் குறைவு. 2018இல் அங்கே நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் பரவியபோது எல்லோரும் பதறியது அதனால்தான்.

அப்புறம், யானை, புலி தாண்டி நம் கண் போவதே இல்லை. காவிரிக் கரையின் சாம்பல் நிற அணில் நீர்மருது, புளி மரங்களில் கூடு கட்டி, கிளைக்குக் கிளை தாவிப் போகும், தரையிறங்கத் தயங்கும். கரையோரம் ஒரு நீளத்துக்கு மரம் போனால் இந்தப் பக்கத்து அணிலுக்கும் அந்தப் பக்கத்து அணிலுக்கும் சம்பந்தம் அறுந்துவிடும். மரக்கன்று நட ஆசைப்படுகிறவர்கள் ஊர்ப்பொட்டலை விட்டுவிட்டு, கரையில் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது என்று வனத்துறையைக் கேட்டு அங்கே நடலாம்.